மார்ச் மாத ட்ராட் பாறையேற்றம்: தெற்கு முகம் பார்த்துப் போயும் பாறை ஈரமாகவே இருக்கிறது, எப்படித் தேர்ந்தெடுப்பது?

மலைக்கிளி:

வணக்கம் நண்பர்களே. குளிர்காலம் முழுவதையும் உள்ளரங்கச் சுவரிலேயே ஓட்டிவிட்டோம். மார்ச் பிறந்ததும் வெளியே ட்ராட் (பாதுகாப்புக் கருவிகளைப் பாறை வெடிப்புகளில் நாமே வைத்துக்கொண்டு கயிறோடு ஏறும் முறை) ஏற ஆசை. வடக்கு இங்கிலாந்தில் இருக்கிறோம், வேல்ஸ் வரை காரில் போய்வரத் தயார். நான் 'சிவியர்' என்ற கடினத் தரம் வரை லீட் செய்வேன் (கயிற்றோடு முதலில் ஏறுவேன்), கூட வரும் தோழி அதைவிடக் கடினமான வி.எஸ். (வெரி சிவியர்) வரை செய்வாள்.

போன சனிக்கிழமை, கைட்புக்கில் தெற்கு முகம் என்று போட்டிருந்த ஒரு சுண்ணாம்புப் பாறைக்குப் போனோம். அந்த வாரம் முழுக்க மழையே இல்லை. ஆனாலும் பாதி வழித்தடங்களில் வெடிப்புகளிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது, அதுவும் நட் (வெடிப்பில் செருகும் உலோகத் துண்டு) வைக்கவேண்டிய இடங்களிலேயே. பதினொரு மணி வரை வெயில் எட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் ஒரு கிரிட்ஸ்டோன் (சொரசொரப்பான மணற்கல் வகை) விளிம்பு. அங்கே கசிவு எதுவும் தெரியவில்லை, மழையும் இல்லை, ஆனால் பாறை மொத்தமும் நனைந்திருந்தது. கை வைத்தால் வழுக்கியது.

தெற்கு முகம், மழையில்லாத வாரம், இரண்டையும் பார்த்துவிட்டுத்தானே போனோம். வேறென்ன பார்க்க வேண்டும்?

டோலரைட்_அண்ணன்:

பதில் சொல்வதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். சனிக்கிழமைப் பாறைக்கு மேலே என்ன இருக்கிறது? வயலா, புல்வெளியா, மொட்டைப் பாறையா? ஞாயிற்றுக்கிழமை வானிலை முந்தைய நாட்களைப் போலவே இருந்ததா, மாறியதா?

மலைக்கிளி:

மேலே பெரிய புல்வெளி, அதற்குப் பின்னால் சரிவு ஏறிக்கொண்டே போகிறது. ஞாயிறு நன்றாக மாறிவிட்டது அண்ணா. வாரம் முழுக்க உறைபனி, தெளிந்த வானம். ஞாயிறு காலையில் மேகமூட்டம், தென்மேற்குக் காற்று, திடீரென்று குளிரே குறைந்துவிட்டது. இதமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டோம்.

டோலரைட்_அண்ணன்:

அந்த இதம்தான் காரணம். உங்களுக்கு வந்தது இரண்டு வேறு ஈரம், தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை வந்தது கசிவு. குளிர்காலத்து மழை மேலே உள்ள மண்ணிலும் சுண்ணாம்புப் பாறையின் உள்வெடிப்புகளிலும் தேங்கி நிற்கும். மழை நின்று பல நாள், சில பாறைகளில் பல வாரம் கழித்தும் இறங்கிக்கொண்டிருக்கும். மேற்பரப்பை வெயில் காய வைக்கலாம், உள்ளே இருந்து வருவதை நிறுத்த முடியாது. இதனால்தான் செங்குத்தான, வெளியே தள்ளி நிற்கும் சுண்ணாம்புச் சுவர்களை ஏப்ரல் நடுப்பகுதிக்கு முன் நான் நம்புவதில்லை. கிரானைட், டோலரைட் (தீக்குழம்பு இறுகிய கெட்டிப் பாறை), எரிமலைப் பாறை போன்றவை பெரும்பாலும் தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்வதில்லை, வெடிப்புகளில் மண்ணும் புல்லும் அடைத்திருந்தால் ஒழிய. ஆகவே திசையைப் பார்ப்பதற்கு முன் பாறை என்ன வகை, தலைக்கு மேலே எவ்வளவு மண் இருக்கிறது என்று பாருங்கள். குன்றின் நுனியில் தனியாகத் துருத்தி நிற்கும் பாறை சீக்கிரம் காயும், ஏனென்றால் அதற்கு மேலே தண்ணீர் சேர இடமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது வியர்வை. வாரம் முழுக்க உறைபனியில் பாறை குளிர்ந்து கிடந்திருக்கிறது. அதன் மேல் ஈரப்பதம் நிறைந்த இதமான காற்று வந்து மோதினால், பாறையின் வெப்பநிலை காற்றின் பனிநிலைக்கு (டியூ பாயின்ட், அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கீழே இருக்கும்வரை ஈரம் படிந்துகொண்டே இருக்கும். மேகம் மூடியிருந்ததால் காய வைக்க வெயிலும் இல்லை. அந்த மாதிரி நாளில் எந்தத் திசைப் பாறையும் தப்பாது. வானிலைச் செயலியில் மழைப் படத்தை மட்டும் பார்க்காமல் 'டியூ பாயின்ட்' என்ற எண்ணையும் பாருங்கள். நீண்ட குளிருக்குப் பிறகு அது சட்டென்று ஏறினால் முதல் நாளை விட்டுவிடுவது நல்லது.

கணக்குப்பிள்ளை:

வெயில் ஏன் வரவில்லை என்பதற்கு நான் வருகிறேன். வடக்கு வேல்ஸும் பீக் மாவட்டமும் ஏறக்குறைய 53 டிகிரி அட்சரேகையில் இருக்கின்றன. மார்ச் 20 வாக்கில், உச்சிப்பொழுதில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 37 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். பிப்ரவரி நடுவில் 24, டிசம்பர் கடைசியில் 13 சொச்சம். காலை பத்து மணிக்கு இதைவிடத் தாழ்வு. பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் தெற்கே ஒரு மலை இருந்தால் அது பாதி நாள் வெயிலைத் தின்றுவிடும். கைட்புக் தெற்கு முகம் என்று சொல்வதில் பொய்யில்லை, எதிரே இருக்கும் மலையைத்தான் அது சொல்வதில்லை.

சோதிக்க எளிய வழி: கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்குங்கள், அகலம் சுமார் 10 டிகிரி. தெற்கே உள்ள மலை இரண்டரை முஷ்டி உயரம் என்றால் பிப்ரவரி நடு வரை அந்தப் பாறைக்கு உச்சிவெயிலே கிடையாது. வீட்டிலிருந்தே என்றால் வரைபடத்தில் உயரக்கோடுகள் போதும்.

இன்னொன்று, பலருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். செங்குத்தான தெற்குச் சுவருக்கு மார்ச் உச்சிப்பொழுதில் கிடைக்கும் நேர் வெயில், ஜூன் மாதத்தைவிட அதிகம். 37 டிகிரியில் வரும் கதிர் சுவரில் ஏறக்குறைய நேராக மோதும், கணக்குப்படி 80 சதவீதம் அதற்குப் போகும். ஜூனில் 60 டிகிரியிலிருந்து சரிவாக விழுவதால் பாதிதான். ஆகவே தட்டையான தரையைவிடச் செங்குத்துச் சுவர்தான் இந்தப் பருவத்தில் சூடாகும்.

மேற்கு முகத்தையும் ஒதுக்க வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்த பிறகு, நேர் மேற்கைப் பார்க்கும் சுவருக்கு மதியம் ஒரு மணிக்கு மேல்தான் வெயில். காலை ஒன்பதுக்குப் போய் நடுங்குவதைவிட, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

காற்றாடி:

வெயில் வெயில் என்கிறீர்கள். என் அனுபவத்தில் காய வைப்பது காற்றுதான். பீக் மாவட்டத்து ஸ்டானேஜ் போன்ற திறந்த கிரிட்ஸ்டோன் விளிம்பு, மேகமூட்டமாக இருந்தாலும் வறண்ட காற்று அடித்தால் மழைக்குப் பின் சீக்கிரமே காய்ந்துவிடும். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் பாறை வெயில் இருந்தும் பாசி பிடித்துப் பச்சையாகவே கிடக்கும்.

டோலரைட்_அண்ணன்:

காய்வதற்குக் காற்று, சரி. ஆனால் ட்ராட்டில் லீட் செய்பவர் ஒவ்வொரு பிளேஸ்மென்டுக்கும் (கருவி வைப்பதற்கும்) நின்று நிதானிக்கிறார். கீழே பிலே செய்பவர் (கயிற்றைப் பிடித்துக் காப்பவர்) அரைமணி நேரம் அசையாமல் நிற்கிறார். ஸ்டானேஜின் உச்சப்புள்ளி 458 மீட்டர். கடல்மட்டப் பாறையைவிடச் சராசரியாக 3 டிகிரி குளிர், அதற்கு மேல் காற்று வேறு. விரல் மரத்துப்போனால் கேம் (வெடிப்பில் விரிந்து பிடிக்கும் கருவி) சரியாக உட்கார்ந்ததா என்றே தெரியாது. இந்த ஜோடிக்கு, சீசனின் முதல் வாரங்களுக்கு, தாழ்வான பாறையைத்தான் சொல்வேன்.

என் முதல் பரிந்துரை ட்ரெமடாக். வடக்கு வேல்ஸில் போர்த்மடாக் ஊருக்குப் பக்கத்தில், கிட்டத்தட்டக் கடல்மட்டம், தெற்கைப் பார்த்த டோலரைட். மேகங்கள் ஸ்னோடோனியா மலைகளில் ஏறும்போது அங்கே கொட்டிவிடுவதால், அந்த மலைகளுக்குள் இருக்கும் லான்பெரிஸ் கணவாயில் மழை பெய்யும்போது இங்கே காய்ந்திருப்பது அடிக்கடி நடப்பது. அடிவாரத்து மரங்களில் மார்ச்சில் இலை இருக்காது, வெயில் ஊடுருவி வரும். அதே இடம் கோடையில் நிழலடித்துக் கிடக்கும். உங்கள் அளவுக்குப் பான்ட் ஈவான் பகுதியில் 'புவர் மேன்ஸ் பியூட்டரே', சிவியர். தோழிக்குப் பக்கத்து பூல்க் அ மோக் பகுதியில் 'ஒன் ஸ்டெப் இன் த கிளவுட்ஸ்', வி.எஸ். இந்தப் பூல்க் அ மோக் பாறை பி.எம்.சி.க்கே (பிரிட்டிஷ் மலையேற்ற அமைப்பு) சொந்தம்.

லேக் மாவட்டம்தான் வேண்டுமென்றால் டட்டன் பள்ளத்தாக்கின் வாலோபரோ. அதுவும் தாழ்வு, தெற்கு முகம். வேல்ஸின் லான்பெரிஸ் கணவாயிலும் தெற்கைப் பார்க்கும் பக்கம் உண்டு, அதில் குரோகன் பாறை சாலைக்கு அருகிலேயே இருக்கிறது. எதிர்ப்பக்கம் இருக்கும் டினாஸ் மாட் வடக்கைப் பார்ப்பது. அதை ஜூனுக்கு எடுத்து வையுங்கள்.

முட்டைக்காவலன்:

எல்லாரும் மறந்த ஒன்று. வசந்தம் பறவைகள் கூடு கட்டும் காலமும்கூட. பெரெக்ரின் வல்லூறு, கடற்பாறைப் பறவைகள், ரிங் ஊஸல் என்ற மலைப்பறவை ஆகியவற்றுக்காகப் பல பாறைகளில் பிப்ரவரி அல்லது மார்ச் முதல் ஜூன், ஜூலை வரை சில பகுதிகளில் ஏறத் தடை இருக்கும். கூடு எங்கே என்று தெரிந்ததும் எல்லை மாறும், கைட்புக்கில் அது இருக்காது. எந்தப் பாறையில் என்ன தடை என்று சொல்லும் பி.எம்.சி.யின் 'ராட்' தரவுத்தளத்தில் கிளம்பும் நாளன்று பாருங்கள், செயலியாகவும் கிடைக்கிறது.

மலைக்கிளி:

நிறையத் தெளிவானது, நன்றி. வரும் சனிக்கிழமை ட்ரெமடாக் என்று முடிவு செய்திருக்கிறோம். வாரம் நடுவே மழை இருக்கிறது, வெள்ளியிலிருந்து வறண்ட காற்று. போதுமா? அப்புறம், ஈரமான கிரிட்ஸ்டோனில் எளிய தடங்களை ஏறினால் தவறா?

டோலரைட்_அண்ணன்:

டோலரைட்டுக்கு வெள்ளி ஒரு நாள் போதும், ஒன்றிரண்டு மூலை வெடிப்புகள் தவிர. கிரிட்ஸ்டோன் ஈரத்தில் வலுவிழக்கும். கெட்டியான கிரிட்டில் எளிய தடங்களுக்குப் பலர் போகிறார்கள், மென்மையானதில் பிடிகள் உடையும், விட்டுவிடுங்கள். கிரிட் அல்லாத மென்மையான மணற்கல் என்றால் ஈரத்தில் தொடவே கூடாது.

பாறை காய்ந்திருந்தாலும் இறங்கும் வழி காய்ந்திருக்காது. அது பெரும்பாலும் மரநிழலில், சேறும் தேய்ந்த கல்லுமாக இருக்கும். ஏறும் ஷூவோடு இறங்காமல், அப்ரோச் ஷூவை (பிடிப்புள்ள நடைஷூ) ஹார்னஸில் (இடுப்புப் பட்டையில்) மாட்டிக்கொண்டு போங்கள்.

காற்றாடி:

உறைபனிக்குப் பிறகு என்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெடிப்பில் புகுந்த தண்ணீர் உறைந்து விரிந்து கற்களைத் தளர்த்தியிருக்கும். பெரிய பிடியானாலும் முதலில் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள், மந்தமான சத்தம் வந்தால் அதன் பின்னால் கேம் வைக்க வேண்டாம். மரத்தில் யாரோ கட்டிவிட்டுப்போன அப்செயில் ஸ்லிங் (கயிற்றில் இறங்குவதற்கான நாடா வளையம்) ஒரு குளிர்காலத்தைத் தாண்டியிருக்கும். உங்கள் சொந்தக் கயிற்றுத் துண்டு ஒன்றையும் கத்தியையும் எடுத்துப் போங்கள். தோழி பிலே செய்யும்போது போட இன்னொரு தடித்த ஜாக்கெட்டும்.