ஆதாம் மன்னிக்கப்பட்டாரா? விவிலியமும் அல்குர்ஆனும் சொல்வது என்ன?

கேள்வி: மஸ்கெலியா மறையாசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டக் கோவிலொன்றில் ஞாயிறு மறைக்கல்வி கற்பிக்கிறேன். மூடுபனி விலகிய காலைகளில் எங்கள் வகுப்பறை யன்னலிலிருந்து சிவனொளிபாதமலை நேரே தெரியும். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரையான யாத்திரைக் காலத்தில், நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை படிக்கட்டு விளக்குகள் ஒரே கோடாக மேலேறிப் போவதைப் பார்த்தே எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள். முஸ்லிம்கள் அதே மலையைப் பாவா ஆதம் மலை என்று அழைப்பதும் அவர்களுக்குத் தெரியும்.

சென்ற ஞாயிறு தொடக்கநூலின் 3ஆம் அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, 9ஆம் தரத்தில் படிக்கும் மாணவி ஒருத்தி எழுந்து, “டீச்சர், எனக்குப் பக்கத்தில் இருக்கும் முஸ்லிம் பிள்ளை, ஆதம் நபி இந்த மலையில்தான் இறங்கினார், அழுது மன்னிப்புக் கேட்டார், அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்று சொல்கிறாள். நம்முடைய ஆதாமை ஆண்டவர் மன்னித்தாரா?” என்று கேட்டாள். பாடசாலையில் சமயப் பாட வேளை வந்ததும் பிள்ளைகள் அவரவர் சமயத்துக்குரிய அறைகளுக்குப் பிரிந்து போய்விடுவதால், இந்த உரையாடல் இடைவேளையில்தான் நடந்திருக்க வேண்டும்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்த அதிகாரம் ஏதேன் தோட்டத்தின் கிழக்கே நிறுத்தப்பட்ட கெருபுகள் என்னும் காவல் தூதர்களோடும் சுழலும் சுடர் வாளோடும் முடிகிறது. மன்னிப்பு என்ற சொல்லே அதில் இல்லை. இரண்டு மறைகளும் ஒருவரைப் பற்றித்தான் பேசுகின்றனவா, பேசுகின்றன என்றால் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அரைகுறையான பதிலைச் சொல்ல எனக்கு மனமில்லை.

பதில்: அக்குறணை ஆசிரியர்

சகோதரிக்கு, உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும். நான் பல ஆண்டுகளாக இஸ்லாம் பாடம் கற்பித்து வருகிறேன். ஒருவரைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதில் எனக்கு ஐயமில்லை. மண்ணால் படைக்கப்பட்ட முதல் மனிதர், அவருடைய துணைவி, விலக்கப்பட்ட மரம், வெளியேற்றம் ஆகிய நான்கும் இரண்டு மறைகளிலும் உள்ளன. கதை தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறு.

அல்குர்ஆனின் 2ஆம் அத்தியாயமான ஸூரத்துல் பகராவின் 30ஆம் வசனத்தில், ஆதம் படைக்கப்படுவதற்கு முன்பே, பூமியில் ஒரு கலீபாவை, அதாவது பிரதிநிதியை, ஏற்படுத்தப் போவதாக அல்லாஹ் மலக்குகளிடம் (வானவர்களிடம்) அறிவிக்கிறான். ஆகவே பூமிக்கு வருவது தவறு நடந்த பின்னர் எடுக்கப்பட்ட முடிவன்று. அதன் பிறகு அல்லாஹ் ஆதமுக்கு எல்லாப் பெயர்களையும் கற்றுக்கொடுக்கிறான். மலக்குகள் அவருக்குச் சிரம் பணிகிறார்கள். இப்லீஸ் என்னும் ஷைத்தான் மட்டும் பெருமையடித்து மறுக்கிறான். இருவரும் மரத்தை நெருங்கிய பின்னர் சொன்ன சொற்கள் ஸூரத்துல் அஃராபின் 23ஆம் வசனத்தில் உள்ளன: எங்கள் இறைவா, எங்களுக்கு நாங்களே அநீதி இழைத்துக்கொண்டோம், நீ மன்னித்து அருள் புரியாவிட்டால் நாங்கள் நட்டமடைந்தவர்களாகிவிடுவோம். இன்றும் எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு மனனம் செய்யக் கொடுக்கும் துஆ (மன்றாட்டு) இது. ஆதம் தம் இறைவனிடமிருந்து சில வாக்குகளைப் பெற்றுக்கொண்டார், அல்லாஹ் அவருடைய தவ்பாவை (மனம் வருந்தித் திரும்பியதை) ஏற்றுக்கொண்டான் என்று பகராவின் 37ஆம் வசனமும், அவரைத் தேர்ந்தெடுத்து நேர்வழி காட்டினான் என்று ஸூரா தாஹாவின் 122ஆம் வசனமும் சொல்கின்றன. எங்களுக்கு அவர் முதல் மனிதர் மட்டுமல்லர், நபியும் ஆவார்.

எனவே அவருடைய தவறு அவரோடு முடிந்துவிட்டது. ஒருவருடைய சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது குர்ஆனின் தெளிவான கூற்று. ஒவ்வொரு குழந்தையும் தூய இயல்பிலேயே பிறக்கிறது என்பது நபிமொழி. பிறந்த குழந்தையின் வலக் காதில் நாங்கள் பாங்கு சொல்கிறோம். கழுவ வேண்டிய பாவம் எதுவும் அந்தக் குழந்தையிடம் இருப்பதாக நாங்கள் நம்புவதில்லை.

மலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆதம் இறங்கிய இடத்தை அல்குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அவர் ஹிந்து நாட்டிலோ, அரபிகள் ஸரந்தீப் என்று அழைத்த இலங்கையிலோ இறங்கினார், ஹவ்வா (ஏவாள்) ஜித்தாவில் இறங்கினார், இருவரும் மக்காவுக்கு அருகிலுள்ள அரபாவில் சந்தித்தார்கள் என்பவை விரிவுரையாளர்களும் வரலாற்றாசிரியர்களும் பதிந்து வைத்த அறிவிப்புகள். மலையில் ஒற்றைக் காலில் நின்று அழுதார் என்பது செவிவழியாக வந்த கதை. அந்த முஸ்லிம் பிள்ளை சொன்னதில் மன்னிப்பு மார்க்கத்தின் அடிப்படை, மலை மரபு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: கண்டி, முன்னாள் குருமட மாணவர்

சகோதரி, அந்தப் பிள்ளைக்குத் தயங்காமல் ‘ஆம்’ என்று சொல்லுங்கள். நமது கத்தோலிக்க விவிலியத்தில் சாலமோனின் ஞானம் 10ஆம் அதிகாரத்தின் முதல் வசனம், தனியாகப் படைக்கப்பட்ட உலகின் முதல் தந்தையை ஞானம் பாதுகாத்தது, அவருடைய குற்றத்திலிருந்து அவரை விடுவித்தது என்று கூறுகிறது. நாம் தொடக்கநூல் 3இல் நின்றுவிடுவதால் இந்த வசனம் நம் கண்ணில் படுவதேயில்லை.

இந்தக் கேள்வி புதியதும் அன்று. 2ஆம் நூற்றாண்டில் தாசியான் என்பவர் ஆதாம் மீட்படையவில்லை என்று கற்பித்தபோது, லியோன் ஆயர் இரனேயு அதைக் கடுமையாக மறுத்தார். முதலில் தொலைந்த ஆடே கண்டுபிடிக்கப்படவில்லை என்றால் மனித இனம் முழுவதும் இன்னும் தொலைந்தே கிடக்கிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். கீழைத் திருச்சபைகளின் உயிர்ப்புத் திருவோவியத்தைப் பார்த்திருப்பீர்கள்: உடைந்து விழுந்த பாதாளக் கதவுகளின் மேல் நிற்கும் கிறிஸ்து, ஆதாமையும் ஏவாளையும் கல்லறைகளிலிருந்து மணிக்கட்டைப் பிடித்துத் தூக்குகிறார். அவர்கள் அவருடைய கையைப் பற்றவில்லை, அவரே பற்றுகிறார் என்பதை வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அழுது நின்ற ஆதாமும் நமக்கு அந்நியரல்லர். திருமறைத் தொகுப்பில் இடம்பெறாத பழைய நூலொன்றின் இலத்தீன் வடிவத்தில், ஆதாம் யோர்தான் ஆற்றில் கழுத்தளவு நீரில் 40 நாட்கள் நின்று தவம் செய்கிறார். சாத்தான் அவருக்குப் பணிய மறுத்து வீழ்ந்த கதையும் அதே நூலில் உள்ளது. ஐயா எழுதிய இப்லீஸின் மறுப்பை வாசித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

அப்படியானால் வேறுபாடு எங்கே என்று கேட்பீர்கள். ஆதாம் என்ற மனிதர் மன்னிக்கப்பட்டாரா என்பதில் அன்று. அவருடைய வீழ்ச்சி நம்மை என்ன செய்தது என்பதில். ஒரே மனிதன் வழியாகப் பாவம் உலகில் நுழைந்தது, பாவத்தின் வழியாகச் சாவு வந்தது என்று உரோமையர் 5ஆம் அதிகாரத்தில் புனித பவுல் எழுதுகிறார். அதன் மேல் புனித அகுஸ்தீன் (354–430) கட்டியெழுப்பிய படிப்பினையைக் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துச் சங்கம் 1546இல் வரையறுத்தது. ஆனால் பிறப்புநிலைப் பாவம் என்பது நாம் செய்த பாவம் அன்று, நாம் பிறந்து வந்த நிலை என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடு தெளிவாகச் சொல்கிறது. தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18இலும் வாசிக்கிறோம். ஆகவே குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கும்போது குற்றவாளியைக் கழுவுகிறோம் என்று எண்ணக் கூடாது, கிறிஸ்துவுக்குள் பிறப்பிக்கிறோம். கீழைத் திருச்சபைகள் பரம்பரைக் குற்றம் என்ற பேச்சையே ஏற்பதில்லை. சாவும் பலவீனமும்தான் வழிவழியாக வருகின்றன என்கின்றன.

இன்னொரு இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரு மறைகளும் இயேசுவை ஆதாமோடு ஒப்பிடுகின்றன. ஈசாவின் உவமை ஆதமின் உவமையைப் போன்றது, மண்ணிலிருந்து படைத்து ‘ஆகு’ என்றான், ஆகிவிட்டார் என்று குர்ஆனின் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 59ஆம் வசனம் சொல்கிறது. தந்தையின்றிப் பிறந்ததால் இயேசு இறைமகன் ஆகிவிட மாட்டார் என்பதற்கு அங்கே ஆதமே சான்று. 1 கொரிந்தியர் 15இலோ கிறிஸ்துவே கடைசி ஆதாம். முதல் ஆதாமில் அனைவரும் சாவதுபோல் அவரில் அனைவரும் உயிர் பெறுவர். ஒரே ஒப்புமை, நேர் எதிரான இரண்டு முடிவுகள். இதை மூடி மறைத்து இணக்கம் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. கிறிஸ்துவின் உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்கா இரவில் நாம் ஆதாமின் குற்றத்தையே பேறு என்று பாடுகிறோமே, அதை ஒரு முஸ்லிம் சகோதரர் ஏற்க முடியாது; அதை விட்டுவிட்டு நம்மாலும் பாஸ்காவைக் கொண்டாட முடியாது.

பதில்: பண்டாரவளை மெதடிஸ்த சகோதரி

கண்டிச் சகோதரர் காட்டிய ஞான ஆகமம் எங்கள் வேதாகமத்தில் இல்லை. நீங்கள் தொடக்கநூல் என்னும் ஆதியாகமத்திலேயே நாங்கள் தேட வேண்டியிருக்கிறது, தேடினால் கிடைக்கவும் செய்கிறது. 3ஆம் அதிகாரம் 21ஆம் வசனத்தைப் பாருங்கள்: தோட்டத்தை விட்டு அனுப்புவதற்கு முன்பு, தேவனாகிய கர்த்தர் ஆதாமுக்கும் அவன் மனைவிக்கும் தோல் உடைகளை உண்டாக்கி உடுத்தினார். அவர்கள் தைத்திருந்த அத்தியிலை உடை நிலைக்காது. நான் உடப்புசல்லாவைப் பக்கத்து லயத்தில் வளர்ந்தவள். விடியற்காலைக் குளிரில் கொழுந்து பறிக்கப் போகும் அம்மாவின் தோளில் கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டு அனுப்புவார் அப்பம்மா. அந்த வசனத்தை வாசிக்கும் போதெல்லாம் எனக்கு அந்தக் கைகள்தான் தெரிகின்றன.

அக்குறணை ஐயா காட்டிய 23ஆம் வசனம் என்னை நிறுத்தியது. அங்கே இருவரும் ஒரே வாயாக “நாங்கள்” என்கிறார்கள். ஆதியாகமத்தில் ஆதாம், என்னுடனே இருக்கும்படி நீர் தந்த ஸ்திரீயே எனக்குக் கொடுத்தாள் என்று கைகாட்டுகிறான். அவள் சர்ப்பத்தைக் கைகாட்டுகிறாள். 1 தீமோத்தேயு 2இல் வஞ்சிக்கப்பட்டவள் ஸ்திரீயே என்று எழுதப்பட்டிருப்பதை வைத்துப் பெண்களை வாயடைத்த பிரசங்கங்களைக் கேட்டு நான் வளர்ந்தேன். ஆனால் ரோமர் 5இல் அதே பவுல் ஏவாளின் பெயரைச் சொல்லவே இல்லை; பொறுப்பு முழுவதையும் ஆதாமின் மேலேயே வைக்கிறார். குர்ஆனில் ஏவாளின் மேல் பழி இல்லையா, ஐயா?

பதில்: அக்குறணை ஆசிரியர்

அம்மா, குர்ஆனில் ஹவ்வா என்ற பெயரே வருவதில்லை. ஆதமின் துணைவி என்றுதான் வருகிறது. தாஹாவில் ஷைத்தான் ஆதமிடமே நேரடியாக ஊசலாட்டத்தைப் போடுகிறான், அஃராபில் இருவரிடமும். அவள் முதலில் உண்டு அவருக்குக் கொடுத்தாள் என்று எங்கும் இல்லை. ஹவ்வாவைக் குறைகூறுவது போல் தோன்றும் ஒரு ஹதீஸ் (நபிமொழி) புகாரி தொகுப்பில் இருக்கிறது. அதற்கு அறிஞர்கள் பல விளக்கங்கள் தருகிறார்கள். அதை மறைத்துவிட்டுப் பதில் எழுதுவது நேர்மையாகாது என்பதால் சொல்கிறேன்.

மலை எங்களிடம் மட்டும் ஏன் வந்தது என்பதற்கும் ஒரு காரணம் தோன்றுகிறது. உங்கள் ஏதேன் பூமியிலேயே இருக்கிறது. யூப்ரத்தீசும் திக்ரீசும் அதிலிருந்து பாய்கின்றன. ஆதாம் அங்கிருந்து நடந்தே வெளியேறலாம். எங்கள் அறிஞர்களில் பெரும்பாலோர் அந்தத் தோட்டம் வானுலகச் சுவனம் என்கிறார்கள். ‘இறங்குங்கள்’ என்பதே கட்டளை. மேலிருந்து இறங்குபவருக்குக் கால் வைக்க ஓரிடம் வேண்டும். 1344இல் இந்த மலையில் ஏறிய பயணி இப்னு பதூதா, உச்சிக்கு இரண்டு பாதைகள் இருந்ததாக எழுதுகிறார்: ஒன்று பாபா பாதை, மற்றது மாமா பாதை, அதாவது ஆதம் வழியும் ஹவ்வா வழியும். மாமா பாதை இலகுவானது, இறங்கி வருவதற்குரியது. அதில் ஏறியவரை யாத்திரை செய்தவராக எவரும் கணக்கெடுப்பதில்லையாம்.

மறுமொழி: மஸ்கெலியா மறையாசிரியை

மூவருக்கும் என் நன்றி. நேற்று வகுப்பில் ஞானநூல் வசனத்தை அந்த மாணவியையே வாசிக்கச் சொன்னேன். ‘விடுவித்தது’ என்ற சொல்லை இரண்டு முறை வாசித்தாள். குர்ஆனின் அந்த மன்றாட்டையும், முஸ்லிம்கள் சொல்வது இது என்று தெளிவாகக் கூறிவிட்டே வாசித்துக் காட்டினேன். மன்னிப்பு இரு பக்கமும் உண்டு, கிறிஸ்து ஏன் வர வேண்டியிருந்தது என்பதில்தான் நாம் பிரிகிறோம் என்று சொன்னேன். அவள் இரண்டையும் கொப்பியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டாள், தோழியிடம் காட்டுவதற்காக.

பண்டாரவளைச் சகோதரி எழுதிய தோல் ஆடையையும் சொன்னேன். பின் வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன், அந்தத் தோலுக்காகச் செத்த மிருகம் எது என்று கேட்டான். விவிலியம் அதைச் சொல்லவில்லை என்றேன். “அப்போது முதலில் செத்தது ஆதாம் இல்லையே, டீச்சர்” என்றான். இதைப் பற்றித் திருச்சபைத் தந்தையர் எவராவது எழுதியிருந்தால் கண்டிச் சகோதரர் அடுத்த ஞாயிறுக்குள் தெரிவிக்க வேண்டும்.