ஜைனப் என்றால் 'தந்தைக்கு அழகு' என்பது சரிதானா?

கீழைவாசி:
தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஜைனப் என்று பெயர் வைப்பதில் இரு வீட்டாருக்கும் சம்மதம். குழந்தைக்குப் பெயர் வைக்கும் அகீகா விருந்தின் அழைப்பிதழில் 'ஜைனப் – தந்தைக்கு அழகு' என்று அச்சடிக்க மாப்பிள்ளை ஆசைப்படுகிறார். பள்ளிவாசல் ஹஜ்ரத்தோ, "அது ஒரு மரத்தின் பெயரப்பா" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிப்போனது. அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேன்கூடு:
இதில் சந்தேகமே வேண்டாம் காக்கா. அரபியில் 'ஸைன்' அழகு, 'அப்' தந்தை. நபிகளாரின் மருமகன் அலி (ரலி) அவர்களின் மகள் ஜைனபைப் பாருங்கள். 680-இல் கர்பலா போரில் சகோதரர் ஹுசைனைப் பறிகொடுத்து, கைதியாக டமாஸ்கஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஆட்சியாளன் யஸீதின் சபையிலேயே அவனை எதிர்த்துப் பேசிய பெண்மணி. தந்தைக்கு அழகு என்று அவரைச் சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

அகராதிக்காரன்:
அவர் தந்தைக்குப் பெருமை சேர்த்தார் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் பெயர் அவருக்கு முன்பே இருந்தது. நபிகளாரின் மூத்த மகளும் ஜைனப்தான். பத்ருப் போரில் சிறைப்பட்ட கணவரை மீட்க, தாய் கதீஜா தந்த கழுத்தணியைக் கழற்றி அனுப்பினாரே, அவர். இப்னு மன்ஸூரின் 'லிசானுல் அரப்' அகராதி ஜைனப் என்பது பார்க்க அழகான, மணமுள்ள ஒரு மரம் என்றும், அதைக்கொண்டே பெண்ணுக்குப் பெயர் வந்தது என்றும் சொல்கிறது. சொல்லின் கட்டமைப்பும் அதற்கே ஒத்துவருகிறது. ஸா, நூன், பா என்று மூன்று அரபு எழுத்துகள் கொண்ட வேர்; நடுவில் ஒரு யா. ஹைதர் என்ற சொல்லும் இதே அச்சில் வார்த்ததுதான். ஹைதரை யாராவது 'ஹை', 'தர்' என்று இரண்டாக வெட்டிப் பொருள் சொல்கிறார்களா?

தேன்கூடு:
ஓர் அகராதியோடு நின்றுவிட்டால் எப்படி? ஃபைரூஸாபாதியின் 'காமூஸ்' என்ன சொல்கிறது என்பதை ஏன் மறைக்கிறீர்கள்? 'அல்லது அதன் மூலம் ஸைன் அப்' என்று அதில் இருக்கிறது. நானாகக் கட்டிய கதையல்ல.

அகராதிக்காரன்:
மறைக்கவில்லை. அதே இடத்தில் கொழுத்தவள் என்ற பொருளும், தேளின் கொடுக்கோடு தொடர்புபடுத்தும் விளக்கமும் இருக்கின்றன. அவற்றையும் அழைப்பிதழில் அச்சடித்துவிடலாமா? பழைய அகராதிக்காரர்கள் கேள்விப்பட்டதையெல்லாம் 'அல்லது' போட்டு அடுக்கிவைப்பார்கள். எடைபோடுவது நம் வேலை.

பாலைக்காற்று:
இருவருமே மதீனாவோடு நின்றுவிட்டீர்கள். ரோமாபுரியை நடுங்கவைத்த, சிரியாவின் பல்மைரா அரசி ஸெனோபியாவின் பெயரும் இதுதான் என்று படித்திருக்கிறேன். மூன்றாம் நூற்றாண்டு! மரமும் இல்லை, தந்தையும் இல்லை. ஓர் அரசியின் பெயர்.

அகராதிக்காரன்:
காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கிறது, அவ்வளவுதான். பல்மைராவின் பெருந்தூண் வரிசையில் 271-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அவளுடைய தளபதிகள் இருவர் எழுப்பிய சிலைக்கானது. கிரேக்கத்தில் ஸெனோபியா என்றும், ஊர்மொழியில் 'பத் ஸப்பாய்', அதாவது ஸப்பாயின் மகள் என்றும் இரண்டு விதமாக வெட்டியிருக்கிறார்கள். ஊர்மொழிப் பெயரில் 'ஜைனப்'பின் நூன் எழுத்து எங்கே இருக்கிறது?

பாலைக்காற்று:
கல்வெட்டில் இருப்பது அரசாங்கப் பெயர். வீட்டில் என்ன சொல்லி அழைத்தார்கள் என்று கல் சொல்லாது.

மரைக்காயர் பேத்தி:
கல்லே சொல்லாததை நாம் எப்படிச் சொல்வது தம்பி? பேசவேண்டிய இடம் வேறு இருக்கிறது. நபிகளார் மணந்த ஜைனப் பின்த் ஜஹ்ஷ் அவர்களுக்கு முதலில் 'பர்ரா' என்றுதான் பெயர். நற்குணமுள்ளவள் என்று பொருள். தன்னைத்தானே மெச்சிக்கொள்வதாக அந்தப் பெயர் இருக்கிறது என்றுதான் நபிகளார் ஜைனப் என்று மாற்றினார்கள். நபித்தோழர் அபூஸலமாவின் மகளுக்கும் அப்படியே. இமாம் முஸ்லிமின் நபிமொழித் தொகுப்பிலேயே இது உள்ளது. தற்பெருமை கூடாது என்று ஒரு பெயரை எடுத்துவிட்டு, 'நான் என் தந்தைக்கு அழகு' என்று சொல்லும் இன்னொரு பெயரையா வைத்திருப்பார்கள்? அன்றைய மக்கள் காதில் அது வெறும் செடிகொடியின் பெயராகத்தான் ஒலித்திருக்கவேண்டும்.

தேன்கூடு:
ராத்தா, தந்தைக்கு அழகு என்பது தந்தையின் பெருமை, மகளின் தற்பெருமை அல்ல. இரண்டையும் குழப்பாதீர்கள்.

மரைக்காயர் பேத்தி:
குழப்பவில்லை. அழகு என்று சொல்லப்படுவது யார், தந்தையா மகளா? இன்னொன்று, இந்தப் பெயரை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் செய்னம்பு என்றே சொல்வார்கள். அதில் 'அப்' எங்கே போயிற்று என்று ஒருவரும் தேடியதில்லை.

கீழைவாசி:
இந்த உரையாடல் முழுவதையும் மாப்பிள்ளையிடம் காட்டினேன். 'காமூஸ்' பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு அச்சகத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.