படிப்பகத்துப் பழைய இதழ்களை ஸ்கேன் செய்துவிட்டு எடைக்குப் போடலாமா?

கீழத்தெரு வாசகர்:
எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் 1950, 60களில் வந்த இதழ்கள் இரண்டு பீரோ நிறையக் கிடக்கின்றன. தாள் பழுப்பேறி, தொட்டாலே ஓரம் உதிர்கிறது. மொபைலில் படம் எடுத்து பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, தாளை எடைக்குப் போட்டால் அந்த இடத்தில் கம்ப்யூட்டர் வைக்கலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

அடுக்குக்காரர்:
எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் மங்கலாக விழுந்திருப்பது ஐந்து வருடம் கழித்துத்தான் தெரியவரும், அப்போது திரும்ப எடுக்கத் தாள் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்வதற்கு முன்னால் ஒரு பட்டியல் போடுங்கள்: இதழ் பெயர், மலர், இதழ் எண், மாதம், வருடம், எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது, அவ்வளவு போதும். அதைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே இல்லாத இதழ் உங்களிடம் இருந்தால் அதை முதலில் எடுங்கள். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த கோட்டையூர் முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்துவைத்ததுதான் 1994-ல் அந்த ரோஜா முத்தையா நூலகமாக ஆனது, அதனால் உங்கள் இரண்டு பீரோவைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

மெய்ப்புக்காரி:
இப்போதைய மொபைல் கேமராவே போதும், கெடுப்பது ஸ்கேன் செயலிகள்தான். தாளை வெள்ளையாக்குகிறேன் என்று மெய்யெழுத்தின் புள்ளியையும் சேர்த்துத் துடைத்துவிடும், 'கண்' போய் 'கண' என்று நிற்கும். கலரிலேயே எடுங்கள், மூலப் படங்களை அப்படியே இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டதை அடுத்த மாதம் யாரும் தேடி எடுக்க முடியாது.

இன்னொன்று, அந்தக் காலத்து லை, ணை, னை எல்லாம் தும்பிக்கை போட்ட பழைய எழுத்து, 1978 சீர்திருத்தத்துக்கு முந்தையது. எழுத்துணரி, அதாவது படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் மென்பொருள், அதில் நிறையவே தடுமாறும். அப்படியே ஏற்றினால் தேடுகிறவருக்கு அந்தச் சொல் அகப்படவே அகப்படாது, அதனால் கட்டுரைத் தலைப்பையும் எழுதியவர் பெயரையுமாவது ஆட்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்துவிட வேண்டும், சலிப்பான வேலைதான் ஆனால் இதைச் செய்யாவிட்டால் ஸ்கேன் செய்ததே வீண்.

தஞ்சை வழக்கறிஞர்:
பொதுவில் ஏற்றுமுன் உரிமையைப் பாருங்கள். எழுதியவர் இறந்து 60 வருடம் கழித்துத்தான் காப்புரிமை தீரும். 1970-ல் இறந்தவர் என்றால் 2030 முடியும்வரை உண்டு. ஒரே இதழுக்குள் ஆளுக்கு ஆள் இது மாறும். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியவர்களின் எழுத்துக்கு இந்தக் கவலை இல்லை. மற்றதைப் படிப்பகக் கணினியிலேயே வைத்திருங்கள், உரிமைதாரரின் அனுமதி வந்தபிறகு ஏற்றலாம்.

கீழத்தெரு வாசகர்:
ரொம்ப நன்றி. பட்டியல் வேலையை இந்த ஞாயிறே தொடங்குகிறோம், கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வருகிறார்கள். ஒரு கட்டு மட்டும் ஈரவாடை அடிக்கிறது, வெயிலில் காயவைக்கலாமா?

அடுக்குக்காரர்:
வெயில் வேண்டவே வேண்டாம், தாள் அப்பளம்போல் நொறுங்கும். கட்டைப் பிரித்து நிழலில் ஃபேன் காற்று படுகிற மாதிரி வையுங்கள், பூஞ்சை தெரிந்தால் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு மெல்லிய பிரஷால் துடையுங்கள். பழைய பீரோவில் திரும்ப அடுக்குமுன் அதன் பின்பக்கச் சுவர் ஓதம் காக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.