உயர் அழுத்தத்தில் வெளுக்கும் பி.எல்.ஏ பைகள்: ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். முதுகலை ஆய்வுக்காக நெல்லிச் சாற்றைப் பி.எல்.ஏ எனப்படும் மட்கும் பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, 600 மெகாபாஸ்கல் நீர் அழுத்தத்தில் 3 நிமிடம் பதப்படுத்தி வருகிறேன்.

அந்த அழுத்தத்தில் நீரின் கனஅளவே ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்துவிடுவதால், பையும் அதனுடன் சுருங்கிப் பழைய நிலைக்கு மீள வேண்டும். பாலிஎத்திலீன் பை இதைச் சிரமமின்றித் தாங்குகிறது. பி.எல்.ஏ இயல்பிலேயே விறைப்பானது. அழுத்தக் கலனிலிருந்து எடுத்ததும் மடிப்பு விழுந்த இடங்களில், நகத்தால் கீறியதுபோல் வெண்கோடுகள் தெரிகின்றன. நீரின் வெப்பத்தை நான் பெரிதாகச் சந்தேகிக்கவில்லை: 100 மெகாபாஸ்கலுக்கு 3 டிகிரி உயரும் என்று கொண்டாலும், 10 டிகிரியில் தொடங்கும் நீர் 28 டிகிரியைத்தான் எட்டும், பி.எல்.ஏ இளகத் தொடங்குவதோ 55 டிகிரிக்கு மேல். ஆனால் பைக்குள் தங்கிவிடும் காற்றுக் குமிழி அழுத்தத்தில் சூடேறுவது வேறு கதை. வெண்கோடுகள் குமிழியை ஒட்டியே அதிகம். (சாற்றுப் பையை வெற்றிடத்தில் ஒட்டுவது எவ்வளவு பெரிய தொல்லை என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.)

நெகிழ்வுக்காகப் பி.பி.ஏ.டி எனப்படும் மென்மையான மட்கும் பிளாஸ்டிக் கலந்த படலத்தை யாரேனும் இந்த அழுத்தத்தில் சோதித்திருக்கிறீர்களா? அப்படியானால் ஆக்சிஜன் ஊடுருவல் எவ்வளவு மாறியது? படிகத்தன்மை (பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் அளவு) மாற்றத்தைப் பதப்படுத்திய அன்றே அளப்பது போதுமா, அல்லது புளிப்புச் சாறு படலத்தை நீராற்பகுத்துச் சிதைக்கக்கூடும் என்பதால் குளிர்பதனத்தில் சில வாரங்கள் வைத்த பின்னரும் அளக்க வேண்டுமா? பையின் வாயை மூடும் ஒட்டுப் பகுதியின் அகலம் பற்றிய உங்கள் அனுபவத்தையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.