பி450 போர்டுல ப்ராசசர் மாத்தணும், ஹெல்ப் ப்ளீஸ்

ஹாய் மக்களே, என்கிட்ட இருக்கிறது ரைசன் 3 2200ஜி ப்ராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம். 4 கோர் 4 த்ரெட் தான், வீடியோ எக்ஸ்போர்ட் போட்டா 100% ஆயிடுது, மவுஸ் கூட நகர மாட்டேங்குது. அதான் ரைசன் 5 5600 மாத்தலாம்னு இருக்கேன், அதுவும் இதே ஏஎம்4 சாக்கெட் (போர்டுல ப்ராசசர் உக்கார்ற இடம்), ரெண்டுமே 65 வாட் தான், அதனால பவர் சப்ளை பத்தி கவலை இல்ல.

புது ப்ராசசரை போர்டு ஏத்துக்கணும்னா பயாஸ் (போர்டை ஸ்டார்ட் பண்ற சாஃப்ட்வேர்) அப்டேட்டை பழைய ப்ராசசர் இருக்கும்போதே பண்ணிடணும்னு தெரியும், ஆனா புது பயாஸ் போட்ட அப்புறம் 2200ஜியும் ஓடுமா, இல்ல சில போர்டுல பழைய ப்ராசசர் சப்போர்ட்டை தூக்கிடுறாங்களே அந்த கதையா? ஏதாவது சொதப்புனா திரும்ப பழசையே மாட்ட வேண்டி வரும்ல.

அப்புறம் கூலர். ஏஎம்4ல சின்ன கம்பி மாதிரி பின்னெல்லாம் ப்ராசசர்லயே இருக்கு, கூலருக்கும் ப்ராசசருக்கும் நடுவுல தடவுற பழைய பேஸ்ட் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்தா, கூலரை நேரா மேல இழுக்கும்போது சாக்கெட் லாக் போட்டிருந்தாலும் ப்ராசசர் கூடவே பிடுங்கிட்டு வந்துடுமாம், பின் வளைஞ்சா அவ்ளோதான். கொஞ்ச நேரம் ஏதாவது ஹெவியா ஓட்டி சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணி லேசா திருகி எடுங்கன்னு சொல்றாங்க, அப்படி எடுத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

இன்னொண்ணு, 5600ல உள்ள கிராபிக்ஸ் கிடையாது, என்கிட்ட தனி கார்டும் இல்ல. 5600ஜி எடுத்தா டிஸ்ப்ளே வந்துடும், ஆனா எல்3 கேஷ் (ப்ராசசர் உள்ளயே இருக்கிற வேகமான மெமரி) 32க்கு பதிலா 16 எம்பி தான். பின்னாடி கார்டு வாங்குற ஐடியா இருக்கிறவன் எதை எடுக்கலாம்?

விண்டோஸ்ல பிட்லாக்கர் (டிஸ்க்கை என்க்ரிப்ட் பண்ணி பூட்டுறது) ஆன்ல இருக்கு, ரெக்கவரி கீ எழுதி வெச்சுட்டேன். அதை ஆஃப் பண்ணிட்டுத்தான் மாத்தணுமா?