சேஃப்டி ஷவரைத் திறந்தால் ஐ வாஷில் தண்ணீர் தாழ்ந்துவிடுகிறது: பூஸ்டர் பம்பு தீர்வாகுமா?

கேள்வி (குலசேகரம், ஆலைப் பராமரிப்பு)

அனைவருக்கும் வணக்கம். ரப்பர் பாலைச் சென்ட்ரிபியூஜில் செறிவூட்டும் சிறிய ஆலையொன்றில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். பால் கெடாமலிருக்க அமோனியாவையும், பிரிந்து வரும் ஸ்கிம் பாலை உறைய வைக்கக் கந்தக அமிலத்தையும் அன்றாடம் கையாளுகிறோம். அமோனியா சிலிண்டர்கள் இருக்கும் கொட்டகைக்கு வெளியே, ரசாயனம் மேலே பட்டால் உடனே உடலைக் கழுவும் சேஃப்டி ஷவரும் கண்ணைக் கழுவும் ஐ வாஷும் ஒரே தண்டில் இணைந்த அலகைப் பொருத்தியிருக்கிறோம். ஐ வாஷை மட்டும் திறந்தால் இரண்டு தாரைகளும் நன்றாக எழுகின்றன. ஆனால் ஷவரின் கைப்பிடியை இழுத்தவுடன் அவை கிண்ணத்தின் விளிம்பைக்கூடத் தாண்டுவதில்லை. பங்குனி, சித்திரை மாதங்களில் மதிய நேரத்தில் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் வருகிறது. சில நாள் திறக்காமல் விட்டால் முதலில் செம்மண் நிறத்தில் வருகிறது. தண்ணீரின் அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் பம்பு வைத்தால் எல்லாம் சரியாகும் என்று விற்பனையாளர் சொல்கிறார். வாங்குவதற்கு முன் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் (நாகர்கோவில், குழாய்ப் பணி ஒப்பந்ததாரர்)

அண்ணாச்சி, பம்பை வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். ஷவருக்கு அடியில் 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, ஐ வாஷையும் சேர்த்துத் திறந்து, ஒரு நிமிடத்தில் எவ்வளவு நிறைகிறது என்று பாருங்கள். பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்கத் தரமான அன்சி இசட் 358.1-இன் படி ஷவர் நிமிடத்துக்கு 75.7 லிட்டரும், கண்ணை மட்டும் கழுவும் அமைப்பு 1.5 லிட்டரும், கண்ணையும் முகத்தையும் சேர்த்துக் கழுவும் அமைப்பு 11.4 லிட்டரும் 15 நிமிடம் இடைவிடாமல் தர வேண்டும். நம் நாட்டிலும் இத்தகைய அலகுகளுக்கு ஐ.எஸ். 10592 என்ற தரக்குறிப்பு 1982 முதல் இருக்கிறது. தொட்டியின் கொள்ளளவு, அதன் உயரம், குழாயின் விட்டம், அந்தக் குழாயிலிருந்து வேறு எதற்கெல்லாம் தண்ணீர் போகிறது ஆகியவற்றையும் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

அளந்ததில் ஷவர் நிமிடத்துக்கு 28 லிட்டர்தான் தருகிறது. தொட்டி 500 லிட்டர்; அதன் அடிப்பகுதி தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் உள்ளது. குழாய் முக்கால் அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், சுமார் 20 மீட்டர் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை ஒட்டியே வருகிறது. பால் கேன்களைக் கழுவவும் அதிலிருந்துதான் எடுக்கிறோம்.

பதில் (நாகர்கோவில், குழாய்ப் பணி ஒப்பந்ததாரர்)

அப்படியானால் குறை குழாயிலும் தொட்டியிலும்தான் இருக்கிறது. 15 நிமிடத்துக்கு ஷவருக்கு மட்டும் ஏறக்குறைய 1,140 லிட்டர் வேண்டும். முகம் கழுவும் அமைப்பையும் சேர்த்தால் 1,300 லிட்டரைத் தாண்டும். கேன் கழுவிய பிறகு மிச்சமிருக்கும் தண்ணீரை நம்பி ஒருவருடைய கண்ணை ஒப்படைக்க முடியாது. 1,500 லிட்டர் தொட்டியொன்றை இந்த அலகுக்கென்றே ஒதுக்கி, அதிலிருந்து வேறு எந்தக் கிளையும் பிரியாமல், ஒன்றரை அங்குலக் குழாயைக் கொண்டுவாருங்கள். முக்கால் அங்குலக் குழாயில் உரசலுக்கே அழுத்தத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான ஷவர் தலைகள் 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கென வடிவமைக்கப்பட்டவை. அது சுமார் 21 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். உங்கள் தொட்டியோ 5 மீட்டரில் இருக்கிறது. ஆகவே புவியீர்ப்பு ஓட்டத்துக்கு ஏற்ற, குறைந்த அழுத்தத்தில் இயங்கும் தலையைக் கேட்டு வாங்குங்கள். பம்புதான் வேண்டுமென்றால் அழுத்தத்தைச் சேமித்துவைக்கும் கலத்துடன் வைத்து, ஜெனரேட்டரிலும் இணைக்க வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரம் போகும் நேரத்திலும் அமோனியா கசியலாம்.

பதில் (தக்கலை, தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர்)

சகோதரர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். சூட்டையும் நிறத்தையும் அலட்சியம் செய்துவிட வேண்டாம். தண்ணீர் 16 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அதைவிடச் சூடான தண்ணீர் ஏற்கெனவே புண்பட்ட கண்ணுக்கு மேலும் தீங்கு செய்வதோடு, காயமடைந்தவரால் 15 நிமிடம் நிற்கவே முடியாமல் செய்துவிடும். அமோனியா காரப்பொருள் என்பதால் கண்ணின் திசுவைக் கரைத்துக்கொண்டு விரைவாக உள்ளே இறங்கும். கழுவத் தாமதமாகும் ஒவ்வொரு நொடியும் பார்வைக்குத்தான் இழப்பு. புதிய குழாயைக் கூரையிலிருந்து இறக்கி மண்ணுக்கடியில் பதியுங்கள், அல்லது வெப்பக்காப்பு சுற்றுங்கள். தொட்டிக்கு மேல் ஓலைக் கீற்றாவது வேய்ந்து நிழல் கொடுங்கள்.

செம்மண் நிறத்துக்குக் குழாயின் துருவோ கிணற்றுத் தண்ணீரின் இரும்போ காரணமாக இருக்கலாம். வாளியில் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, சிறிது நேரம் கழித்துச் சிவந்தால் அது இரும்பு. அதற்கு வடிகட்டி வேண்டும். எதுவாயினும், தேங்கிய தண்ணீரில் கண்ணைத் தாக்கும் அகாந்தமீபா போன்ற நுண்ணுயிர்கள் வளரும் என்பதால், வாரம் ஒருமுறை தண்ணீர் தெளியும்வரை திறந்துவிட்டு, தேதியும் கையெழுத்தும் அலகிலேயே தொங்கும் அட்டையில் பதிய வேண்டும். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது சோதனையாகாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. தனித்தொட்டிக்கு நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஷவர் சொட்டும்போதெல்லாம் யாரோ அலகுக்குத் தண்ணீர் வரும் குழாயில் கீழேயுள்ள கேட் வால்வை மூடிவிடுகிறார்கள். அந்த வால்வையே எடுத்துவிடலாமா?

பதில் (தக்கலை, தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர்)

பழுதுபார்க்க அது தேவைப்படும், எடுக்க வேண்டாம். திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். சொட்டுவது கைப்பிடி வால்வின் சீட் (தண்ணீரை அடைக்கும் உட்பகுதி) தேய்ந்திருப்பதால் இருக்கலாம்; அதை மாற்றிவிட்டால் மூடும் பழக்கமும் நிற்கும். அந்தக் கைப்பிடி வால்வு ஒரே இழுப்பில், ஒரு வினாடிக்குள் திறந்து, கையை எடுத்த பிறகும் திறந்தபடியே நிற்கிறதா என்றும் பாருங்கள். இமைகளை விரித்துப் பிடிக்க இரண்டு கைகளும் வேண்டும். கொட்டகையிலிருந்து அலகுக்கு 10 வினாடிக்குள், படியோ வாசல் தடையோ இல்லாமல் வந்துசேர முடிய வேண்டும். அமிலம் ஊற்றும் இடம் அதைவிடத் தள்ளியிருந்தால், அங்கே பக்கத்திலேயே இன்னோர் அலகுக்கும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.