மாட்ரிட்டில் ஞாயிறு மதியம், சாப்பாட்டுக்கு முன்

மாட்ரிட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எல் ராஸ்த்ரோ சந்தை கூடும். பழைய சாமான்களை வேடிக்கை பார்த்து முடித்த கூட்டம், மதியமானதும் பக்கத்து லா லத்தீனா தெருக்களுக்குள் நுழைந்துவிடும். கூட வேலை பார்க்கும் நண்பர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "அபெரிதிவோவை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்" என்றார். சாப்பாட்டுக்கு முன் எடுத்துக்கொள்ளும் பானமும் கொறிக்கும் பண்டமும்தான் அபெரிதிவோ. அங்கே மதியச் சாப்பாடே இரண்டு, மூன்று மணிக்குத்தான்.

கடையில் உட்கார இடமில்லை, யாரும் தேடவும் இல்லை. கவுன்டரை ஒட்டி நின்றபடியே பேச்சு. பெரும்பாலோர் கையில் வெர்முத். கசப்பு மூலிகைகள் ஊறிய இனிப்பு வைன் அது, குழாயைத் திறந்து பிடித்துத் தருகிறார்கள். நான் மது குடிப்பதில்லை என்றேன். யாரும் வற்புறுத்தவில்லை. மோஸ்தோ என்ற திராட்சைச் சாறு, அதே மாதிரி ஐஸும் ஆரஞ்சுத் துண்டும் போட்டு வந்தது.

நான் அசந்தது டப்பா உணவைப் பார்த்துத்தான். சமைக்க நேரமில்லாதவர்கள் திறப்பது டப்பா என்றே நினைத்திருந்தேன். இங்கே அதுதான் விருந்தாளிக்கு வைக்கும் பண்டம்! ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள கலீசியா கடற்கரை மட்டி டப்பாவில், உள்ளே எத்தனை என்று எண்ணிக்கை போட்டிருக்கும். ஒரே அளவு டப்பாவில் 45-55 இருந்தால் விலை குறைவு, 30-35 என்றால் அதிகம். எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொன்றும் பெரிது, அதனால்தான். நண்பர் எலுமிச்சை பிழிந்து, உருளைக்கிழங்கு சிப்ஸ் மேல் ஒவ்வொன்றாக வைத்துத் தின்றார். டப்பாவில் மிஞ்சிய உப்புநீரையும் விடவில்லை.

எனக்குப் பிடித்தது கில்தா. வட ஸ்பெயினிலுள்ள சான் செபாஸ்தியன் நகரத்துப் பக்கத்துப் பண்டம்; வினிகரில் ஊறிய பச்சை மிளகாய், ஆலிவ், உப்பு நெத்திலி மூன்றையும் ஒரு குச்சியில் குத்தித் தருவார்கள். காரம் பேருக்குத்தான், ஆனால் அந்தப் புளிப்பும் உப்பும் பசியைக் கிளப்பிவிடும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒன்று: ஆலிவ்தானே என்று வாயில் போட்டுவிடாதீர்கள். கொட்டையை எடுத்துவிட்டு உள்ளே நெத்திலி விழுதை அடைத்து விற்பது அங்கே சர்வ சாதாரணம். 'அன்சோவா', அதாவது நெத்திலி, இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தோர்த்தியா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட்டில் முட்டை உண்டு. பாதாம் வறுவல் கிடைத்தால் பிரச்சினையே இல்லை.